டொக்... கீச்... ஊம்...! பழைய லோடு வண்டி போடும் சத்தம் சொல்வது என்ன?

உப்புக்காற்றில் ஓடும் பிக்-அப் டிரைவர்கள் உஷார்!

தூத்துக்குடி —

பழைய பிக்-அப் வண்டியில் கியர் போட்டதும் "டொக்" என்று அடிக்கிறதா? மெதுவாகப் போகும்போது குருவி கத்துவது போல் "கீச் கீச்" என்கிறதா? வேகம் பிடித்ததும் "ஊம்" என்று ஊளையிடுகிறதா?

ரேடியோவைக் கூட்டி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள்!

அந்தச் சத்தத்தை இன்று கவனித்தால் சில நூறு ரூபாயோடு போகும். நாளை கவனித்தால் பல ஆயிரம். கவனிக்காமலே விட்டால் உயிருக்கே ஆபத்து.

தூத்துக்குடியில் லோடு வண்டி இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. திரேஸ்புரத்திலும் தருவைக்குளத்திலும் மீன் ஏற்றுவது அதுதான். முள்ளக்காட்டிலும் ஆறுமுகநேரியிலும் உப்பு மூட்டை சுமப்பது அதுதான். துறைமுகத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையே நாள் முழுக்க அலைவதும் அதுதான்.

1986-ல் வந்த டாடா 407 இன்னும் ஓடுகிறது. மகிந்திரா பிக்-அப் ஓடுகிறது. 2005-ல் வந்து "குட்டி யானை" என்று பேர் வாங்கிய டாடா ஏஸ் ஓடுகிறது. 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்தும் ஓடுகிறது. இதில் பல வண்டிகள் இரண்டு கை, மூன்று கை மாறியவை. ஒரு வண்டியை நம்பி ஒரு குடும்பம் சாப்பிடுகிறது. இரவு ஏலத்தில் எடுத்த மீன், பாதி வழியில் வண்டி நின்றால் காலையில் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம்.

உப்பு செய்யும் வேலை

இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளையும் ஊர் தூத்துக்குடி. மனுஷனுக்குச் சோறு போடும் அதே உப்புதான் வண்டியின் அடிவயிற்றைத் தின்கிறது.

கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. மீன் பெட்டியில் ஐஸ் உருகினால் அந்த உப்புத் தண்ணி பலகை இடுக்கு வழியாகக் கீழே சொட்டுகிறது. கீழே என்ன இருக்கிறது? எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு போகும் நீள இரும்புக் குழாய். அதுதான் புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதன் இரு முனையிலும் "கிராஸ்" என்று டிரைவர்கள் சொல்லும் ஜாயிண்ட்.

கிராஸ் என்பது கூட்டல் குறி போன்ற இரும்புத் துண்டு. நான்கு முனையிலும் நான்கு தொப்பி. ஒவ்வொரு தொப்பிக்குள்ளும் ஊசி ஊசியாகச் சின்ன உருளைகள். அதற்குள் இருக்கிற கிரீஸ் ஒரு கரண்டிகூட வராது. உப்புத் தண்ணி உள்ளே போனால் கிரீஸ் போகும், துரு வரும், ஊசிகள் பொடியாகும். அப்போதுதான் சத்தம் கிளம்புகிறது.

அந்தக் காலத்தில் மாட்டு வண்டி அச்சு கிறீச்சிட்டால், வைக்கோல் கரியை எண்ணெயில் குழைத்து வண்டி மை போடுவார்கள். வண்டி மாறிவிட்டது. விஷயம் மாறவில்லை. கிறீச்சிட்டால் மை கேட்கிறது என்று அர்த்தம்!

முதல் கேள்வி: "எப்ப கேக்கு?"

டிரைவர் பட்டறைக்கு வந்து, "என்னமோ சத்தம் கேக்கு அண்ணாச்சி" என்பார். அனுபவமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுப்பதில்லை. "எப்ப கேக்கு தம்பி? நிக்கையிலயா, ஓடையிலயா? கிளட்ச் மிதிச்சா போகுதா?" என்று கேட்பார்.

இந்த மூன்று கேள்விக்குப் பதில் தெரியாமல் வண்டியைப் பிரித்தால் காசுதான் கரியாகும். கிராஸ் போனதற்குக் கிரவுனை மாற்றுவதும், டயர் சத்தத்துக்குக் கியர் பாக்ஸை இறக்குவதும் இப்படித்தான் நடக்கிறது.

முதலில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டுக் கேளுங்கள்.

காலை எடுத்திருக்கும்போது உறுமுகிறது, கிளட்சை மிதித்ததும் நின்றுவிடுகிறது என்றால் சந்தேகம் கியர் பாக்ஸ் மேல். அதன் முன் பேரிங்கோ, கீழே ஓடும் லே ஷாஃப்ட் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம்.

நேர் எதிராக, கிளட்சை மிதித்தால்தான் "ஸ்ஸ்ர்ர்" என்று கத்துகிறதா? அது கிளட்ச் ரிலீஸ் பேரிங். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கிளட்சை மிதித்துக்கொண்டே இருப்பவர்களுக்கு இது சீக்கிரம் வரும்.

நிற்கும்போது ஒன்றும் இல்லை, ஓடினால்தான் வருகிறது என்றால், ஒரே ஒரு கியரில் வருகிறதா, எல்லாக் கியரிலுமா என்று பாருங்கள். ஒரு கியரில் மட்டும் என்றால் அந்தக் கியரின் பல். பெரும்பாலான வண்டிகளில் 4-வது கியர் நேர் கியர். சக்தி லே ஷாஃப்ட்டைச் சுற்றாமல் நேராகப் போகும். மற்றக் கியரில் கத்தி, 4-ல் போட்டதும் அடங்கினால் கோளாறு கியர் பாக்ஸுக்குள் என்று கண்டுபிடித்துவிடலாம்.

எந்தக் கியர் போட்டாலும் சத்தம் மாறவில்லை. சமதளத்தில் நியூட்ரலில் உருள விட்டாலும் அதே சத்தம். வண்டி வேகம் கூடினால் கூடுகிறது, குறைந்தால் குறைகிறது. அப்படியானால் கியர் பாக்ஸை விட்டுவிடுங்கள். கோளாறு அதற்குப் பின்னால்! ஷாஃப்ட், கிரவுன், சக்கரம் இந்த மூன்றில் ஒன்று.

ஒரு எச்சரிக்கை. உருளவிட்டுப் பார்க்கும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைக்கக் கூடாது. பிரேக் கல்லு மாதிரி இறுகிவிடும். ஸ்டீயரிங்கும் பூட்டிக்கொள்ளலாம். ஆள் நடமாட்டமில்லாத வெட்டவெளியில்தான் இந்தச் சோதனை.

நடந்தே கண்டுபிடிக்கலாம்!

பைசா செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. வண்டியை ஆள் நடக்கிற வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். ஒருவர் பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி நடந்து வரட்டும்.

நடை வேகம் மணிக்கு 5 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் பிக்-அப் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 40 சுற்று சுற்றும். ஷாஃப்ட் அதைப்போல 4 மடங்கு, சில வண்டிகளில் 5 மடங்கு சுற்றும். சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் "கீச்" ஒரு தரம்தான் வந்தால் கோளாறு சக்கரத்தில், பிரேக் டிரம்மில் அல்லது ஆக்ஸிலில். நாலைந்து தரம் வந்தால் ஷாஃப்ட்டில். எண்ணத் தெரிந்தால் போதும்!

மெதுவாகப் போகும்போது கீச்சிட்டு, வேகம் பிடித்ததும் காணாமல் போகும் சத்தத்துக்குப் பெரும்பாலும் காய்ந்துபோன கிராஸ்தான் காரணம். "தானா சரியாப் போச்சு" என்று நினைப்பது பெரிய தப்பு. சரியாகவில்லை. மற்ற இரைச்சலில் அமுங்கிவிட்டது, அவ்வளவுதான்.

கீச்சுக்கு அடுத்த கட்டம் "டொக்". முதல் கியரில் கிளட்சை விடும்போது ஒரு அடி. ரிவர்சுக்கு மாற்றினால் இன்னொரு அடி. ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் மறுபடி அடி. தேய்ந்த கிராசுக்குள் ஏற்பட்ட இடைவெளியில் இரும்பு மேல் இரும்பு மோதுவதே அந்தச் சத்தம்.

ஆனால் எல்லா "டொக்"கும் கிராஸ் அல்ல. ஸ்பிரிங் பட்டையைப் பிடிக்கும் யு போல்ட் தளர்ந்தாலும் டொக் வரும். எஞ்சின், கியர் பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் கிழிந்தாலும் வரும். கிரவுன் பற்களுக்கு இடையே ஆட்டம் கூடினாலும் வரும். கையால் பார்த்தால் தெரிந்துவிடும். எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, கிராஸ் பக்கத்தில் ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கொஞ்சமும் ஆடக் கூடாது. தொப்பி ஓரத்தில் செங்கல் பொடி போலச் சிவப்பாகத் துரு ஒட்டியிருந்தால் கதை முடிந்தது. அதற்கு மேல் கிரீஸ் அடித்துப் பிரயோஜனம் இல்லை. மாற்ற வேண்டியதுதான்.

ஷாஃப்ட் கழன்றால்?

இதைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ன நடக்கும்?

ஓடுகிற வண்டியில் ஒரு நாள் கிராஸ் உடையும். பின் முனை கழன்றால் ஷாஃப்ட் தரையில் இழுபடும். அல்லது சாட்டை மாதிரி சுழன்று பிரேக் குழாயையும் டீசல் டேங்கையும் அடிக்கும். முன் முனை கழன்றால் இன்னும் மோசம். முன்னால் தொங்கும் குழாய் ரோட்டில் குத்தினால், போகிற வேகத்தில் வண்டியையே பின்பக்கம் தூக்கிவிடும். மீன் பெட்டி மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் கூலி ஆட்களை நினைத்துப் பாருங்கள்.

திருநெல்வேலி நாலுவழிச் சாலையிலோ மதுரை ரோட்டிலோ இரவில் 70, 80 வேகத்தில் இது நடந்தால் பின்னால் வருகிறவனுக்கும் சேர்த்துத்தான் ஆபத்து.

இந்த விபத்து சொல்லாமல் வருவதில்லை. கீச், டொக், பிறகு அதிர்வு என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் வருகிறது!

"ஊம்" என்றால் கிரவுனா, டயரா?

அடுத்தது ஊளைச் சத்தம். இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. கிரவுன் பினியன் செட் மாற்றுவது பெரிய செலவு. அதற்கு முன் செய்ய வேண்டிய சோதனைகள் இவை.

ஆக்சிலேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தத்தின் சுருதி மாறுகிறதா? மாறினால் கிரவுன் பினியன் அல்லது பினியன் பேரிங். மிதித்தால் பல்லின் ஒரு பக்கம் அழுந்தும், விட்டால் மறுபக்கம் அழுந்தும். அதனால்தான் சுருதி மாறுகிறது.

மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரியா? அப்படியானால் வீல் பேரிங் அல்லது டயர். தார் ரோட்டில் ஒரு சத்தம், சிமெண்டு ரோட்டில் ஒரு சத்தம் என்றால் அது டயர். ஒழுங்கில்லாமல் தேய்ந்த டயர் கிரவுன் போலவே கத்தும். டயரை இடம் மாற்றிப் போட்டு ஓட்டினால் சத்தமும் இடம் மாறும்.

வெட்டவெளியில் மெதுவாக இடப்பக்கம் வளைத்துப் பாருங்கள். அப்போது பாரம் வலது சக்கரத்தில் விழும். உறுமல் கூடினால் வலது பேரிங். வலப்பக்கம் வளைக்கும்போது கூடினால் இடது பேரிங். ஓடி நின்ற பிறகு நான்கு ஹப்பின் பக்கத்திலும் கை கொண்டு போனால் கெட்டுப்போன பேரிங் மற்றதைவிட அதிகமாகச் சுடும். பட்டென்று தொட்டுவிடக் கூடாது.

நேராகப் போனால் சத்தமே இல்லை, வளைவில் மட்டும் "கடகட" என்கிறது என்றால் கிரவுனுக்குள்ளே இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். வளைவில் வெளிச் சக்கரம் கூடுதலாகவும் உள் சக்கரம் குறைவாகவும் சுற்ற வழி விடுவது அவைதான். நேர் ரோட்டில் அவற்றுக்கு வேலையே இல்லை.

பாரம் கூடினால்...

வெறும் வண்டியில் சத்தம் இல்லை, லோடு ஏற்றிக் கிளப்பும்போது மட்டும் "தடதட" என்று நடுங்குகிறது என்றும் பலர் வருகிறார்கள்.

நீள வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் தாங்குவது சென்டர் பேரிங். அதைச் சுற்றியுள்ள ரப்பர் கிழிந்தால் லோடோடு கிளம்பும்போது இந்த நடுக்கம் வரும்.

இன்னொரு காரணம் நாமே ஏற்றும் அதிக பாரம். முதலில் வந்த குட்டி யானை முக்கால் டன் வண்டி. ஈர உப்பை அதற்கு மேல் அடுக்கினால் பட்டை தாழ்ந்து, கிராஸ் வளையும் கோணம் மாறிவிடும். ஒரு கிராஸ் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மறுமுனைக் கிராஸ் அதைச் சரிக்கட்டும். இரண்டின் கோணமும் சமமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு சரியாக வரும்.

இதே காரணத்துக்காகத்தான் ஷாஃப்ட்டைக் கழற்றும் முன் இரு பக்கமும் பெயிண்டால் கோடு போட வேண்டும். மாட்டும்போது கோடும் கோடும் சேர வேண்டும். நடுவில் சொருகும் துண்டை ஒரு பல் மாற்றிச் சொருகினாலும் புதுக் கிராஸ் போட்ட வண்டி முன்னைவிட மோசமாக அதிரும். கிராஸ் மாற்றிய மறுநாளே அதிர்வு வந்தால், புது சாமான் வாங்கும் முன் இதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டி மீட்டருக்கும் மேல் கொட்டியது. தண்ணீரில் நின்ற வண்டிகள் ஏராளம்.

எஞ்சினைக் காயவைத்து ஸ்டார்ட் ஆனதும் "வண்டி தப்பிச்சிட்டு" என்று நினைக்கக் கூடாது. கிரவுன் ஹவுசிங் மேல் ஒரு சின்ன மூச்சுத் துவாரம் உண்டு. ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே காற்று சுருங்கும். அந்தத் துவாரம் வழியாகவும், பழைய ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும்.

கிரவுன் ஆயில் பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. உடனே மாற்ற வேண்டும். கியர் பாக்ஸ் ஆயிலுக்கும் இதே கதை. அதை விட்டுவிட்டால் பேரிங்கில் துரு பிடித்து, மாதக்கணக்கு கழித்து ஊளைச் சத்தம் ஆரம்பிக்கும். அப்போது வெள்ளத்தின் ஞாபகமே யாருக்கும் வராது.

ஆயிலை வடிக்கும்போது காந்தம் உள்ள அடைப்பானைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது சகஜம். இரும்புச் சில்லு ஒட்டியிருந்தால் பல் உடைகிறது என்று அர்த்தம். ஆயில் நம்பரும் கம்பெனி சொன்னபடியே இருக்க வேண்டும். கிரவுனுக்கான ஆயிலில் சேர்க்கும் கந்தக மருந்து, சில கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பித்தளை வளையங்களுக்கு ஆகாது. "எல்லாம் 90 நம்பர்தானே" என்று ஊற்றிவிடக் கூடாது.

மரத்தூள் மோசடி

பழைய வண்டி வாங்குகிறவர்களும் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். ஊளையிடும் கியர் பாக்ஸிலும் கிரவுனிலும் மரத்தூளைக் கலந்து சத்தத்தை அமுக்கி விற்பது உலகம் முழுக்க நடக்கும் பழைய தந்திரம். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் ஊற்றுவதும் உண்டு. சில நாள் அமைதியாக ஓடும். பிறகு எல்லாம் சேர்ந்து கத்தும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் அடைப்பானைத் திறந்து விரலில் ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, காலி வண்டியில் ஒரு தடவை, பாரத்தோடு ஒரு தடவை ஓட்டுங்கள். விற்கிறவர் பேசிக்கொண்டே வந்தால், "கொஞ்சம் சும்மா இருங்க அண்ணாச்சி" என்று சொல்லத் தயங்க வேண்டாம்!

கீழே படுக்கும் முன்

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு வேண்டும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிவிட்டால், கியரில் கிடக்கும் வண்டிகூட உருளும். தூக்கிய சக்கரம் காற்றில் சுற்றி வழி விட்டுவிடும். அதனால் முன் சக்கரத்துக்குக் கல் அவசியம்.

எஞ்சின் ஓடும்போது ஷாஃப்ட் பக்கத்தில் கையோ வேட்டியோ தோள் துண்டோ போகவே கூடாது. துணி ஒரு நூல் சிக்கினாலும் ஆளை இழுத்துவிடும்.

எப்போது பார்ப்பது?

"வண்டிய நிறுத்தினா அன்னிக்கு வருமானம் போச்சே" என்பது நியாயமான பேச்சு. இந்தக் கடற்கரைக்கு அதற்கும் வழி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடி தடைக்காலம். விசைப்படகு ஓடாத அந்த நாட்களில் மீன் வண்டிக்கும் ஓட்டம் குறைவு. உப்பு வண்டிக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓய்வு. கிராஸ், சென்டர் பேரிங், வீல் பேரிங், ஆயில் எல்லாவற்றையும் பார்க்க அதுதான் சமயம். 8 வயது தாண்டிய லோடு வண்டிக்கு ஆண்டுக்கு ஒரு தடவை எஃப்.சி. காட்ட வேண்டும். அதோடு இதையும் சேர்த்துக்கொண்டால் இரட்டைச் செலவு இல்லை.

மற்ற நாட்களில் மீன் லோடு இறக்கியதும் மேல்பக்கத்தோடு அடிப்பக்கத்தையும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கிரீஸ் நிப்பிள் உள்ள கிராசுக்கு, நான்கு தொப்பியிலும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் நிறுத்திவிடாதீர்கள். முதலில் சாகப் போவது அந்த நாலாவது தொப்பிதான். நிப்பிளே இல்லாத கிராசுக்குக் கிரீஸ் அடிக்க வழியில்லை. சத்தம் வந்ததும் மாற்றிவிடுங்கள்.

கிரீஸ் அடித்த தேதியையும் கிலோ மீட்டரையும் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள். மாற்று டிரைவர் ஏறினாலும் அவர் கண்ணில் படும்.